போஸ் ஏறி வந்த நீர்மூழ்கி: ஜெர்மனியின் யு-180-க்கும் பேராக் தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு?

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்காசியாவுக்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், அல்லது வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அது எந்தக் கப்பல்? எப்படிக் கட்டப்பட்டது? அவரை இறக்கிவிட்ட பிறகு என்ன ஆனது? ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த நம் மக்களின் வாழ்க்கைக்குள் அது எப்படி வந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யு-180: சுருக்கமாக

• கட்டிய இடம்: ஏ.ஜி. வேசர் கப்பல் தளம், பிரேமன், ஜெர்மனி
• கட்டத் தொடங்கியது: பிப்ரவரி 1941
• நீரில் இறக்கியது: 10 டிசம்பர் 1941
• கடற்படையில் சேர்ந்தது: 16 மே 1942
• நீளம்: சுமார் 87.6 மீட்டர்
• எடை: நீர்மேல் சுமார் 1,600 டன், மூழ்கிய நிலையில் சுமார் 1,800 டன்
• முதல் தளபதி: வெர்னர் முசன்பெர்க்
• மூழ்கடித்த கப்பல்கள்: 2
• காணாமல் போனது: ஆகஸ்ட் 1944

நீரில் இறக்கிய தேதியைக் கவனித்தீர்களா? 1941 டிசம்பர் 10. அதே நாளில்தான் குவாந்தான் கடலுக்கு அப்பால் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது.

நீர்மூழ்கி எப்படி வேலை செய்தது?

அந்தக் காலத்து நீர்மூழ்கி எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே போகும் கப்பல் இல்லை. தேவைப்படும்போது மட்டும் மூழ்கக்கூடிய கப்பல், அவ்வளவுதான்.

காரணம் எளிது. டீசல் இயந்திரம் ஓட காற்று வேண்டும். அதனால் நீர்மேல் டீசலில் ஓடும். அப்போதே பேட்டரிகளுக்கும் மின்சாரம் ஏறும். எதிரி விமானமோ கப்பலோ தெரிந்தால் காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, பக்கவாட்டுத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி மூழ்கும். அடியில் போன பிறகு பேட்டரியும் மின்மோட்டாரும்தான். யு-180 மூழ்கிய நிலையில் மணிக்கு 7 கடல்மைல் வேகத்தைக்கூட எட்டாது; மிதிவண்டி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தால் மறுபடி மேலே வந்தே ஆக வேண்டும்.

உடல் இரண்டு அடுக்கு. உள்ளே, நீர் அழுத்தத்தைத் தாங்கும் தடித்த எஃகுக் குழாய். ஆட்கள், இயந்திரங்கள், டார்பிடோக்கள் எல்லாம் அதற்குள்தான். அதைச் சுற்றி மெல்லிய வெளிக்கூடு. இரண்டுக்கும் நடுவே எரிபொருள் தொட்டியும் நீர்த் தொட்டியும். ஐம்பது அறுபது பேர் மாதக்கணக்கில் அந்தக் குழாய்க்குள் வாழ வேண்டும். குளிக்க நல்ல தண்ணீர் கிடைக்காது. படுக்கை, போர்வை, ரொட்டி, எல்லாவற்றிலும் டீசல் வாடை.

இதில் யு-180-இன் தனித்தன்மை என்ன?

ஜெர்மனியின் நீண்டதூர நீர்மூழ்கிகள் 'ஒன்பதாம் ரகம்' எனப்பட்டன. அதில் 'டி' பிரிவு மிகப் பெரியது. இந்தியப் பெருங்கடல்வரை போவதற்கென்றே வரையப்பட்டது. டி பிரிவிலும் இரண்டு வகை இருந்தன.

'டி2' வகையில் பெரிய டீசல் இயந்திரங்களுடன் சிறிய துணை இயந்திரங்களும் இருந்தன. மெதுவாக, சிக்கனமாகப் போகலாம்; வழியில் எரிபொருள் வாங்காமலே 20,000 கடல்மைலுக்கு மேல் போகலாம். கடற்படைக்குப் பிடித்த வகை இதுதான். இருபதுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன.

'டி1' வகையில் வேறு யோசனை. தூரத்தைவிட வேகம் முக்கியம் என்று நினைத்தார்கள். அதிவேக டார்பிடோ படகுகளுக்காக மெர்சிடிஸ்-பென்ஸ் செய்த 20 சிலிண்டர் டீசல் இயந்திரங்கள் ஆறை உள்ளே வைத்தார்கள். ஒவ்வொன்றும் 1,500 குதிரைத்திறன், மொத்தம் 9,000. நீர்மேல் வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 21 கடல்மைல், அதாவது சுமார் 38 கிலோமீட்டர். அன்றைய நீர்மூழ்கிக்கு அது பெரிய வேகம்.

காகிதத்தில் பிரமாதம். கடலில் தலைவலி.

டார்பிடோ படகு சில மணி நேரம் சீறிப் பாய்ந்துவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடும். அந்த வேலைக்குச் செய்த இயந்திரத்தை மாதக்கணக்கில் ஓட்டினால் என்ன ஆகும்? எரிபொருளைக் குடித்தது. சூடு ஏறியது. அடிக்கடி பழுதானது. போதாததற்குப் புகை வேறு. ஒளிந்து போக வேண்டிய கப்பலின் தலைக்கு மேல் புகை நின்றால் எப்படி? இந்த வகையில் யு-180, யு-195 என்று இரண்டு கட்டியதோடு நிறுத்திவிட்டார்கள்.

அப்படிப்பட்ட கப்பலின் முதல் போர்ப் பயணத்தில்தான் போஸ் ஏறினார்.

1943: கீலிலிருந்து மடகாஸ்கர் வரை

போஸ் 1941-இல் பிரிட்டிஷ் காவலிலிருந்து தப்பி, ஆப்கானிஸ்தான் வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்திருந்தார். ஜெர்மனியின் உதவியோடு இந்திய விடுதலைக்குப் படை திரட்டலாம் என்பது அவர் கணக்கு. ஹிட்லரை ஒருமுறை, 1942 மே மாதத்தில், நேரில் சந்தித்தார். ஆனால் எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. அதற்குள் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானியர் வசமாகிவிட்டன. இந்தியாவின் எல்லைக்குப் பக்கத்தில் படை வேண்டுமென்றால் இடம் ஐரோப்பா இல்லை, இங்கேதான் என்று ஆனது.

விமானத்தில் வருவது ஆபத்து. நீர்மூழ்கியே வழி. 1943 பிப்ரவரி 9 அன்று, வட ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 புறப்பட்டது. கூட வந்தவர் ஒரே ஒருவர்: ஹைதராபாத்தைச் சேர்ந்த அபித் ஹசன். மனைவி எமிலியையும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத மகள் அனிதாவையும் போஸ் ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டு வந்தார். அவர்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

நார்வே கடலோரமாக வடக்கே போய், பிரிட்டனைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டுவதுதான் பாதை. நடுவழியில், எரிபொருள் சுமந்து திரிந்த இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கியிடம் டீசல் வாங்கிக்கொண்டது. அந்த மாதிரிக் கப்பல்களுக்கு மாலுமிகள் வைத்த பட்டப்பெயர் 'கறவை மாடு'.

உள்ளே எப்படி இருந்தது என்பதை ஹசன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். டீசலில் தோய்த்ததுபோல் இருந்த ரொட்டியை போஸால் சாப்பிட முடியவில்லை. சேமிப்பறையில் அரிசியும் பருப்பும் இருப்பதைக் கண்டுபிடித்த ஹசன், அவற்றைச் சமைத்துக் கொடுத்தார். போஸ் ஜெர்மன் அதிகாரிகளையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட, 'இருக்கிற அரிசி தீர்ந்துவிடுமே' என்று ஹசனுக்குக் கவலை!

அந்த இடுக்கிலும் போஸ் நாள்தோறும் வேலை செய்தார். தன் புத்தகத்தைத் திருத்தினார். கிழக்காசியாவில் பேச வேண்டியதைச் சொல்லச் சொல்ல ஹசன் எழுதினார். பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு என்ற திட்டத்தையும் அங்கேயே பேசியிருக்கிறார்கள். அந்த யோசனை சில மாதங்களில் மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த பெண்களிடம் வந்து சேரப்போகிறது.

இந்தப் பயணத்தில் சாவும் இருந்தது. ஏப்ரல் 18 அன்று, தென்னாப்பிரிக்கக் கடலில் 'கார்பிஸ்' என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 டார்பிடோ வீசி மூழ்கடித்தது. கடலே தீப்பற்றி எரிந்ததை ஹசன் பார்த்தார். படகு கிடைக்காமல், தெப்பம் ஒன்றில் ஆசிய முகம் கொண்ட மாலுமிகள் தத்தளித்ததையும் பார்த்தார். அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கரை சேரவில்லை.

நடுக்கடலில் கப்பல் மாறியது எப்படி?

யு-180 இந்தப் பக்கம் வரும்போது, ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அது புறப்பட்ட இடம் எது தெரியுமா? பினாங்கு. ஈப்போவிலிருந்து இன்றைக்குக் காரில் போனால் இரண்டு மணி நேரம்.

பினாங்கில் அப்போது ஜப்பானிய நீர்மூழ்கித் தளம் இருந்தது. 1943 ஏப்ரல் 5-இல் அங்கிருந்து கிளம்பிய ஐ-29-இல் ஆயுத மாதிரிகளும், பெர்லினிலிருந்த ஜப்பானியத் தூதரகத்துக்காக சுமார் 2 டன் தங்கமும் இருந்தன.

ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே இரண்டும் சந்தித்தன. அலை கடுமையாக இருந்ததால் உடனே மாற முடியவில்லை, காத்திருந்தார்கள். பிறகு கயிறு கட்டி, ரப்பர் தெப்பத்தில் போஸும் ஹசனும் நனைந்தபடியே ஐ-29-க்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் யு-180-க்கு வந்தார்கள். இரு நாட்டு நீர்மூழ்கிகள் போர்க்காலத்தில் நடுக்கடலில் ஆள் மாற்றிக்கொண்டது மிக அரிதான நிகழ்ச்சி.

மே மாதத் தொடக்கத்தில் ஐ-29 சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் சாபாங்கை அடைந்தது. அங்கிருந்து போஸ் விமானத்தில் தோக்கியோ போனார். ஜூலை 2-இல் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4-இல் கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

அப்போது பேராக் தோட்டங்களில் என்ன நிலைமை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல், போஸின் பேச்சைக் கேட்ட மக்கள் ஏன் அப்படித் திரண்டார்கள் என்பது புரியாது.

போருக்கு முன்பு உலகிலேயே அதிக ரப்பரையும் ஈயத்தையும் கொடுத்தது மலாயா. ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் ரப்பர் கப்பலேறியது. ஜப்பானியர் வந்ததும் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தை அறுந்தது. இங்கே இருப்பதையெல்லாம் ஏற்றிப்போக ஜப்பானிடம் போதுமான கப்பல் இல்லை. பால் இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. வெள்ளைக்கார துரைமார் போய்விட்டார்கள். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்கே வேலை இல்லை. அரிசி வரத்தும் நின்றது. சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறு.

வேலையில்லாமல் கிடந்த அந்த உழைப்பாளிகளை ஜப்பானியர் வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. நாம் 'சயாம் மரண ரயில்' என்று சொல்வது. நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள். பலரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரக்கணக்கான தமிழர்களில் ஏராளமானோர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் செத்தார்கள்.

இப்போது தேதிகளை ஒட்டிப் பாருங்கள். போஸ் சிங்கப்பூரில் இறங்கியது 1943 ஜூலை. மரண ரயில் வேலை முடிந்தது 1943 அக்டோபர். அவர் மேடையேறிப் பேசிய மாதங்களும், அந்தப் பாதையில் வேலை உச்சத்தில் இருந்த மாதங்களும் ஒன்றே.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் வந்து, 'நீங்கள் கூலிகள் இல்லை, ஒரு நாட்டின் படைவீரர்கள்' என்ற பொருளில் பேசுகிறார். ஈப்போ உள்ளிட்ட நகரங்களிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இந்திய சுதந்திரச் சங்கம் ஆள் சேர்த்தது, பணம் சேர்த்தது. பெண்கள் தாலிக்கொடி வரை கழற்றிக் கொடுத்த கதைகளைப் பல குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். ஊரையே பார்த்திராத பிள்ளைகள் இந்தியாவுக்காகத் துப்பாக்கி தூக்கினார்கள்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படைப்பிரிவின் முகாம் திறந்தது. தலைவர், சென்னையிலிருந்து வந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரின் ஜானகி தேவர் போன்ற வசதியான வீட்டுப் பெண்களோடு, பால்மரம் சீவிய பெண்களும் அதில் ஒரே வரிசையில் நின்றார்கள். மலாயாவிலிருந்து சேர்ந்தவர்களில் தமிழர்களே அதிகம்.

எல்லாரும் ஒரே காரணத்துக்காகவா சேர்ந்தார்கள்? இல்லை. சிலருக்கு நாட்டுப்பற்று. சிலருக்கு சோறும் சீருடையும். 'சயாமுக்குப் போய்ச் சாவதைவிட இது மேல்' என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இந்தக் காரணங்களில் எதையும் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை. ஒருவருக்கே மூன்றும் இருந்திருக்கலாம்.

போஸ் இங்கு வந்தார். இங்கிருந்து என்ன போனது?

இந்தக் கதையின் எதிர்ப்பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை.

ஜெர்மனிக்கு ரப்பரும் ஈயமும் டங்ஸ்டனும் மலேரியாவுக்கான கொய்னாவும் தேவைப்பட்டன. செயற்கை ரப்பர் தயாரித்தார்கள். ஆனாலும் நல்ல டயருக்கு இயற்கை ரப்பரும் கலக்க வேண்டும். சாதாரணச் சரக்குக் கப்பல்களை நேச நாடுகள் வழியிலேயே பிடித்தன. எனவே நீர்மூழ்கிகளே சரக்கும் சுமந்தன.

1943 ஆகஸ்ட் இறுதியில் யு-178 பினாங்குக்கு வந்தது. அதன் தளபதி வில்ஹெல்ம் டோம்ஸ் அங்கேயே தங்கி ஜெர்மன் தளத்தின் பொறுப்பாளரானார். அடுத்தடுத்து மேலும் பல வந்தன. திரும்பிப் போகும்போது ஈயக் கட்டிகளைக் கப்பலின் அடிப்பாகத்தில், சமநிலைக்கு வைக்கும் பாரத்துக்குப் பதிலாக அடுக்கினார்கள். ரப்பரைக் கிடைத்த மூலைகளில் எல்லாம் திணித்தார்கள். யு-178 அப்படி ஏற்றிக்கொண்டு 1943 நவம்பரில் கிளம்பி, 1944 மே மாதம் பிரான்சின் போர்தோவை அடைந்தது.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்கு பினாங்கு பழைய வாசல். ஈப்போ, கம்பார், பத்து காஜா பக்கத்துச் சுரங்கங்களின் மண் ரயிலேறிப் போய், பினாங்கு உருக்காலையில்தான் கட்டியாகும். போருக்கு முன்பே இருந்த அந்த வழியைத்தான் போரும் பயன்படுத்தியது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முன்பு ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் போன இடத்தில், ஒரு நீர்மூழ்கி சுமப்பது நூறு, இருநூறு டன். அதுவும் போய்ச் சேருமா என்பது சந்தேகம். இங்கே குவிந்து கிடந்த ரப்பரை எத்தனை நீர்மூழ்கி வந்தாலும் தீர்த்திருக்க முடியாது. லயத்தில் அடுப்பு எரிய அது உதவவில்லை.

பினாங்கு வாசலிலேயே அழிந்தவையும் உண்டு. பாதரசம் ஏற்றி வந்த யு-859, 1944 செப்டம்பர் 23 அன்று பினாங்கை நெருங்கும்போது பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'டிரெஞ்சன்ட்' அதை மூழ்கடித்தது. சுமார் 20 பேர் மட்டுமே பிழைத்தார்கள். 1972-இல் அந்தப் பாதரசத்தில் ஒரு பகுதியை மேலே எடுத்தபோது, அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் வரை போனது. ஜெர்மனிக்கே என்று தீர்ப்பானது.

அதே மே மாதம், பேராக் கரையில் இன்னொரு நீர்மூழ்கி

போஸ் சாபாங்கில் இறங்கிய அதே 1943 மே மாதம், வேறொரு நீர்மூழ்கி பேராக் கடலோரத்துக்கே வந்தது. ஆனால் எதிரணியிலிருந்து.

இலங்கையிலிருந்து புறப்பட்ட டச்சு நீர்மூழ்கி ஓ-24, ஜான் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரியையும் அவரோடு வந்த சீன உளவாளிகளையும் மே 24-இல் செகாரி பக்கம் கரையேற்றியது. ஃபோர்ஸ் 136 என்ற இரகசியப் படை அது. அதே ஆண்டின் பிற்பகுதியில் லிம் போ செங்கும் நீர்மூழ்கி வழியாகவே வந்து சேர்ந்தார். பிடிபட்டு, சித்திரவதைக்கு ஆளாகி, 1944 ஜூன் 29-இல் பத்து காஜா சிறையில் இறந்தார்.

ஈப்போ அருகே பாப்பானில் சிபில் கார்த்திகேசு, காட்டிலிருந்து வந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாக வைத்தியம் பார்த்ததும் இந்தக் காலத்தில்தான். 1943-இல் கைதாகி, சித்திரவதைப்பட்டு, போருக்குப் பிறகு அந்தக் காயங்களின் விளைவாகவே 1948-இல் மறைந்தார்.

ஆக, ஒரே மாநிலத்தில், ஒரே நேரத்தில், ஜப்பானியருக்கு எதிராக உயிரைப் பணயம் வைத்தவர்களும் இருந்தார்கள். ஜப்பானியரின் துணையோடு பிரிட்டிஷாரை விரட்டக் கிளம்பியவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான்.

யு-180 கடைசியில் என்ன ஆனது?

போஸை இறக்கிவிட்ட யு-180 திரும்பும் வழியில், ஜூன் 3-இல் 'போரிஸ்' என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. ஜூலை தொடக்கத்தில் போர்தோ சேர்ந்தது. அதற்குள் இயந்திரங்களின் லட்சணம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆறு மெர்சிடிஸ்-பென்ஸ் இயந்திரங்களையும் கழற்றி எறிந்தார்கள். இரண்டு சாதாரண டீசல் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். டார்பிடோக் குழாய்களையும் எடுத்துவிட்டு, சுமார் 250 டன் சுமக்கும் சரக்குக் கப்பலாக மாற்றினார்கள். வேகத்துக்காகப் பிறந்தது, கடைசியில் பாரவண்டி ஆனது. வேலை: கிழக்காசியாவுக்குச் சரக்கு கொண்டுவருவது, இங்கிருந்து ஈயமும் ரப்பரும் கொண்டுபோவது.

1944 ஆகஸ்ட் 20-இல், புதிய தளபதி ரோல்ஃப் ரீசன் தலைமையில் போர்தோவிலிருந்து புறப்பட்டது. சில நாட்களிலேயே பிஸ்கே விரிகுடாவில் காணாமல் போனது. 56 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கடல் கண்ணிவெடியா, வேறு கோளாறா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

மற்றவை?

• யு-195: அதே ரகத்தின் மற்றொரு கப்பல். இதுவும் சரக்குக் கப்பலாகி, 1944 இறுதியில் பத்தாவியாவை, இன்றைய ஜகார்த்தாவை, அடைந்தது. ஜெர்மனி சரணடைந்த பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டு ஐ-506 என்று பெயர் வைத்தது.
• ஐ-29: 1944 ஜூலை 26-இல் பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி 'சாஃபிஷ்' மூழ்கடித்தது.
• தோமோனாகா ஹிதேயோ: ஐ-29-இலிருந்து யு-180-க்கு மாறிய அதிகாரிகளில் ஒருவர். 1945 மே மாதம் யு-234-இல் ஜப்பான் திரும்பிக்கொண்டிருந்தபோது ஜெர்மனி சரணடைந்தது. கப்பல் அமெரிக்கர் கைக்குப் போவதற்கு முன் தற்கொலை செய்துகொண்டார்.

இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது?

சில பேர் யு-180-ஐ வீரக் கதையாக மட்டும் சொல்வார்கள். சில பேர் 'நாஜிக் கப்பலில் வந்தவர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இரண்டும் பாதிதான்.

அந்தக் கப்பல் யூதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்சியின் கப்பல். போஸ் உள்ளே இருக்கும்போதே அது எண்ணெய்க் கப்பலை எரித்தது. அவர் இங்கே நம்பி வந்த ஜப்பான், நம் தோட்டத்து மக்களை மரண ரயிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஜப்பான். இவற்றை மறைத்துவிட்டுப் பெருமை பேச முடியாது.

அதே சமயம், அடிமைப்பட்ட ஒரு நாட்டின் தலைவருக்கு முன்னால் நல்ல கதவுகள் வரிசையாகத் திறந்திருக்கவில்லை. பேராக் லயங்களில் இருந்தவர்களுக்கோ கதவே இல்லை. இம்பாலை நோக்கி 1944-இல் நடந்த படையெடுப்பு தோற்றது. காட்டிலும் பின்வாங்கலிலும் பலர் இறந்தார்கள். திரும்பி வந்தவர்கள் மறுபடி அதே லயத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் பழைய ஆட்களாக வரவில்லை. துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தலைமுறைக்கு, தலை நிமிர்ந்து நிற்கத் தெரிந்துவிட்டது. போருக்குப் பிந்திய தோட்டத் தொழிற்சங்கங்களில் அந்த அனுபவம் தெரிந்தது. 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஜான் திவி. பேராக்கைச் சேர்ந்த வழக்கறிஞர், போஸின் இயக்கத்தில் இருந்தவர்.

யு-180 மூழ்கடித்தது இரண்டே கப்பல். போர் வரலாற்றில் அது ஒரு தோல்வியடைந்த வடிவமைப்பு. அதன் பெயர் நம் மக்கள் வாழ்க்கையில் நிற்பதற்குக் காரணம், அது பாதி வழி சுமந்து வந்த ஒரு பயணி மட்டுமே. அவரை நம்பிப் போனவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. கப்பலில் எத்தனை குதிரைத்திறன் என்பதுவரை பதிவு இருக்கிறது. எந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் போனார்கள் என்பதற்குப் பல இடங்களில் பதிவே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது என்ன?

பேராக்கின் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளாவது கேட்ட கதையைச் சொல்வார்கள்.

உங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்திருந்தால், பெரியவர்களிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

• ஜப்பான்காரன் காலத்தில் நம் வீட்டு ஆட்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள்?
• யாராவது சயாமுக்குப் போனார்களா? திரும்பி வந்தார்களா?
• யாராவது போஸ் படையில் சேர்ந்தார்களா? எந்த முகாமில் பயிற்சி எடுத்தார்கள்?
• பழைய படம், சான்றிதழ், கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும், எந்த 'டிவிஷன்' என்பதையும் மறக்காமல் கேளுங்கள். ஆண்டு சரியாக ஞாபகம் இல்லையென்றால் பரவாயில்லை. 'சப்பான்காரன் வந்த அடுத்த வருஷம்' என்று சொன்னால் அது 1942 என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.